வளர்ப்பு விலங்குகளும் மனித உடல்நலமும்

வளர்ப்பு விலங்குகள் என்பவை பால், இறைச்சி, உழவு போன்ற பயன்களுக்காக அன்றி, துணைக்காகவும் காவலுக்காகவும் வீட்டில் வைத்துக்கொள்ளப்படும் நாய், பூனை, பறவை முதலியன. மனிதருடன் ஒரே கூரையின் கீழ் வாழ்வதால் இவற்றின் உடல்நிலை வீட்டிலுள்ளவர்களின் உடல்நிலையோடு பிணைந்துள்ளது. விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்கள் பலவற்றுக்குத் தடுப்பு மருத்துவமனையில் தொடங்குவதில்லை. கால்நடை மருந்தகத்தில் தொடங்குகிறது. இந்தியாவைப் பொறுத்தவரை இதற்கு மிகத் தெளிவான சான்று வெறிநாய்க்கடி நோயாகிய ரேபிஸ்.

நன்மைகள் பற்றிய ஆய்வுகள்

நாய் வளர்ப்பவர் நாள்தோறும் அதை வெளியே அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால் தாமும் நடக்கிறார். தனியே வாழும் முதியவருக்கு, வேளைக்குச் சோறு வைக்க வேண்டிய ஓர் உயிர் வீட்டில் இருப்பது அன்றாட வாழ்வுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. இவை எவரும் கண்டறியக்கூடியவை. இதற்கு மேல் சொல்லப்படுபவற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1980-இல் அமெரிக்காவில் எரிகா ஃப்ரீட்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இதயநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 92 பேரை அவர்கள் ஓராண்டு கவனித்தனர். வளர்ப்பு விலங்கு வைத்திருந்த 53 பேரில் 3 பேரும், வைத்திராத 39 பேரில் 11 பேரும் அந்த ஓராண்டில் இறந்தனர். 2017-இல் சுவீடனில் 34 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, தனியே வாழ்பவர்களில் நாய் வளர்ப்போருக்கு இறப்பு அபாயம் 33% குறைவாக இருந்தது தெரியவந்தது.

ஆனால் நாயால்தான் ஆயுள் கூடியது என்று இவற்றைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. நடக்கத் தெம்பும், செலவுக்குப் பணமும், ஓரளவு நல்ல உடல்நிலையும் உள்ளவர்களே நாய் வாங்க முன்வருகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அமெரிக்க இதயச் சங்கம் 2013-இல் வெளியிட்ட அறிக்கையும் நாய் வளர்ப்பு இதயநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்ற அளவிலேயே நின்றுகொண்டது. 'நாய் வளர்த்தால் மாரடைப்பு வராது' என்று கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகளுக்கு அந்த நிதானம் இல்லை.

ரேபிஸ்

ரேபிஸ் நச்சுயிரி நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருக்கிறது. கடித்த இடத்தில் நுழையும் நச்சுயிரி இரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. நரம்பின் வழியே மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் அறிகுறி தோன்றும். ஒரு வாரத்திலும் தோன்றலாம், ஓராண்டு கழித்தும் தோன்றலாம். முகம், கழுத்து, கை ஆகிய இடங்களில் கடிபட்டால் மூளைக்குள்ள தொலைவு குறைவு என்பதால் அபாயம் அதிகம். தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இயலாது. மாறாக, அறிகுறி தோன்றுவதற்கு முன் முறையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோயை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடலாம். இவ்வளவு கொடிதாகவும் இவ்வளவு எளிதில் தடுக்கக்கூடியதாகவும் உள்ள நோய்கள் மிகக் குறைவு.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். மனிதருக்கு வரும் ரேபிசில் 99% வரை நாய்களிடமிருந்தே வருகிறது. நோயுள்ளதாக ஐயுறப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 40% பேர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள். நாயோடு விளையாடுபவர்கள் அவர்கள். உயரம் குறைவு என்பதால் முகத்திலும் கழுத்திலும் கடிபடுபவர்களும் அவர்களே. அடி விழும் என்று பயந்து கடிபட்டதை வீட்டில் மறைப்பவர்களும் அவர்களே.

'தெருநாய் கடித்தால்தான் ஊசி. வீட்டு நாய் கடித்தால் வேண்டாம்' என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது ஆபத்தான நம்பிக்கை. தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டிக்கு அதன் தாய் தடுப்பூசி போட்டதா என்பது யாருக்கும் தெரியாது. பொதுவாக மூன்று மாத வயதில்தான் நாய்க்குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் அது விளையாட்டாகக் கடித்தாலும் நகத்தால் கீறினாலும் அலட்சியம் கூடாது. பூனைக்கும் இது பொருந்தும்.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியது, காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது. மந்திரிப்பதற்கும் வேர் கட்டுவதற்கும் செலவாகும் நாள்களில் நச்சுயிரி நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும். கழுவியபின் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்தத் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள்கள் என நான்கு முறை சென்றால் போதும். ஆழமான காயமாயின், தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை பாதுகாக்க, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்தப்படும்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் பலரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட அந்தப் பழைய மருந்து 2005 முதல் இந்தியாவில் பயன்பாட்டில் இல்லை. இன்று ஊசி கையில்தான். சிறு குழந்தைகளுக்குத் தொடையில் போடுவதுண்டு.

லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இச்சிகிச்சையைத் தொடங்கினார். அந்த நாளே இன்று உலக விலங்குவழி நோய்கள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடைபெறும். தமிழ்நாட்டில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் நீலகிரியில் வெறிநாய் கடித்தவர், சிகிச்சை வேண்டுமானால் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குப் போக வேண்டியிருந்தது.

நாய்க்கு ஊசி, மனிதருக்குக் காப்பு

கடிபட்ட மனிதருக்கு எத்தனை ஊசி போட்டாலும் நாய்களிடையே நோய் குறையாது. ஓர் ஊரிலுள்ள நாய்களில் 70% தடுப்பூசி பெற்றிருந்தால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ள கணக்கு. மெக்சிகோ பல்லாண்டுகள் தொடர்ந்து நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, நாய்வழி மனித ரேபிஸை ஒழித்த முதல் நாடு என்ற சான்றை 2019-இல் பெற்றது.

இந்தியாவில் இது நடவாது என்று சொல்வோருக்குக் கோவா விடை. அங்கு மாநில அரசும் 'மிஷன் ரேபிஸ்' என்ற தொண்டு நிறுவனமும் இணைந்து தெருத்தெருவாகச் சென்றன. வீட்டு நாய்களுக்குக் கையில் பிடித்தும், தெருநாய்களை வலைபோட்டுப் பிடித்தும் ஊசி போட்டன. எந்தத் தெருவில் எத்தனை நாய் முடிந்தது என்பது கைப்பேசிச் செயலியில் பதிவாயிற்று. பள்ளிகளில் மாணவர்களுக்குப் பாடமும் நடந்தது. சில ஆண்டுகளில் நாய்களிடையே ரேபிஸ் 92% குறைந்தது. 2018 முதல் சில ஆண்டுகள் மனித இறப்பே பதிவாகவில்லை. 2021-இல் கோவா ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இதில் புதிய மருந்தோ புதிய கண்டுபிடிப்போ எதுவும் இல்லை. பழைய ஊசியை விடாமல் ஆண்டுதோறும் போட்டார்கள்.

குடற்புழுக்கள்

நாய்க்குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே உருண்டைப்புழு அதனிடம் சேர்ந்துவிடுகிறது. அதன் மலத்தில் வெளியேறும் முட்டைகள் மண்ணில் கலந்து, மண்ணில் விளையாடும் குழந்தையின் வாய் வழியே உள்ளே போகின்றன. மனித உடலில் இந்தப் புழு முழு வளர்ச்சி அடைவதில்லை. அதன் இளம்புழுக்கள் கல்லீரல், நுரையீரல், கண் என்று அலைகின்றன. கண்ணில் தங்கினால் பார்வை பாதிக்கப்படலாம். புதிதாக இட்ட மலத்தில் உள்ள முட்டை நோய் தராது. மண்ணில் சில வாரங்கள் கிடந்த பிறகே அந்தத் திறனைப் பெறுகிறது. எனவே மலத்தை உடனுக்குடன் அப்புறப்படுத்துவதே பாதிக் காப்பு. மறு பாதி, குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தே கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் புழுநீக்க மருந்து கொடுப்பது. கொக்கிப்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, தோலுக்கடியில் கோடு கோடாக ஊர்ந்து கடும் அரிப்பைத் தரும்.

பூனையும் கருவுற்ற பெண்களும்

மகள் கருவுற்றால் பூனையைச் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விட்டுவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மீதான அச்சமே காரணம். கர்ப்ப காலத்தில் முதன்முறையாக இத்தொற்று ஏற்பட்டால் கருச்சிதைவோ, குழந்தையின் மூளை, கண் பாதிப்போ நேரலாம் என்பது உண்மைதான். ஆனால் பூனை பொதுவாக முதல் தொற்றின்போது இரண்டு மூன்று வாரங்களே இந்தக் கிருமியை மலத்தில் வெளியேற்றுகிறது. அதுவும் வெளியே வந்து 1 முதல் 5 நாள்களுக்குப் பிறகே நோய் தரும். பூனையின் மலத்தட்டை வேறொருவர் நாள்தோறும் சுத்தம் செய்து, பூனைக்குச் சமைத்த உணவே கொடுத்தால் அச்சம் பெரிதும் நீங்கும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை ஆகியவற்றாலும் இத்தொற்று வருகிறது. பூனையை விரட்டிவிட்டு அவற்றைக் கவனியாது விடுவதில் பயனில்லை.

பிற நோய்கள்

எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும். நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசிகளில் இதற்கான காப்பும் பெரும்பாலும் அடங்கியுள்ளது. பூனைக்குட்டியின் மேல் முடி வட்டமாக உதிர்ந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளுக்கு எளிதில் ஒட்டிக்கொள்ளும். கிளிகளிடமிருந்து நுரையீரலைத் தாக்கும் ஒரு காய்ச்சல் வரக்கூடும். பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கால்நடை மருத்துவரிடம் செல்லுதல்

நாய்க்கு முதல் ஊசிக்குப் பின் ஊக்க ஊசியும், பிறகு ஆண்டுக்கொருமுறை மறு ஊசியும் தேவை. முதல் ஆண்டு போட்டுவிட்டு மறந்துவிடும் வீடுகள் ஏராளம். போட்ட நாளையும் அடுத்த நாளையும் குறித்த தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கான உரிமம் பெறவும் அது தேவைப்படும். ஆயினும் அட்டை இருக்கிறது என்பதற்காகக் கடிபட்டவர் சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது. உடனே ஊசியைத் தொடங்கிவிட்டு, நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். அது நலமாக இருந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கடித்த நாயைக் கோபத்தில் அடித்துக் கொன்றுவிட்டால் இந்த வழி அடைபட்டுப் போகும்.

மனிதருக்கான மாத்திரைகளை விலங்குக்குக் கொடுப்பது தவறு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. மீதமிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பாதி உடைத்து நாய்க்குக் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் அதனுள் பெருகி, வீட்டிலுள்ளவர்களுக்கும் வந்து சேரலாம்.

கால்நடை மருத்துவர்கள், அவர்களின் உதவியாளர்கள், நாய் பிடிக்கும் பணியாளர்கள், தெருநாய்களுக்கு அன்றாடம் உணவிடுவோர் ஆகியோர் கடிபடும் வரை காத்திராமல் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். அவ்வாறு போட்டவர்களுக்குப் பின்னர் கடி நேர்ந்தால் குறைந்த ஊசிகளே போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.