அகராதியில் பொருளுக்கு அப்பால்

அரிய சொல் ஒன்று எதிர்ப்படும்போது மட்டுமே அகராதியைப் புரட்டுவது பெரும்பாலோர் வழக்கம். ஆனால் நல்ல அகராதி, சொல்லின் இலக்கணம், பிறப்பு, வழங்கும் வட்டாரம், அதை ஆண்ட நூல் ஆகியவற்றையும் சிறு குறிகளில் அடக்கி வைத்திருப்பதால், அக்குறிகளைப் படிக்கத் தெரிந்தவர்க்கு அது வரலாற்று ஆவணமாகவும் பயன்படுகிறது.

தமிழில் இந்த விரிந்த நோக்கம் புதியதன்று. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளால் ஆனது. சொல்லின் பொருளை உரைப்பது பெயரகராதி. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைப் பொருளகராதியும், முக்குணம், ஐம்பொறி போல எண்ணால் தொகுத்து வழங்குவனவற்றின் விரிவைத் தொகையகராதியும், செய்யுள் இயற்றுவோர் தேடும் எதுகைச் சொற்களைத் தொடையகராதியும் தருகின்றன.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் அனுபந்தமாகவும் வெளியிட்ட தமிழ் லெக்சிகன், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அதில் வினைச்சொல்லை அடுத்து நிற்கும் எண், அவ்வினை காலம் காட்டும் முறையைக் குறிப்பதாகும். ‘முறிதல்’ என்பதற்கு 4 என்றும் ‘முறித்தல்’ என்பதற்கு 11 என்றும் இருப்பதைக் காண்பவர், கிளை தானாக முறிந்தது, ஒருவர் அதை முறித்தார் என்னும் வேறுபாட்டை அந்த எண்களிலிருந்தே அறியலாம். யாழ்ப்பாணம், நாஞ்சில் நாடு போன்ற வட்டாரங்களைச் சுட்டும் குறுக்கங்கள், ஒரு சொல் எங்கே வழங்கியது என்பதை உணர்த்துகின்றன.

சொற்பிறப்புக் குறிப்புகளையும் தனித்தனியே பாராமல் தொகுத்துப் பார்ப்பது நல்லது. அலமாரி, சாவி, சன்னல், ஏலம், பாதிரி ஆகியவை போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை என்று அறியும்போது, அம்மொழியினர் வணிகத்தோடும் சமயத்தோடும் நில்லாமல், தமிழர் வீட்டின் தட்டுமுட்டுப் பொருள்கள் வரை தடம் பதித்திருப்பது புலனாகிறது. லெக்சிகன் இன்று மின்வடிவில் கிடைப்பதால், தலைச்சொல்லை மட்டுமன்றி விளக்கப் பகுதியையும் தேட முடிகிறது. ‘நெல்வகை’ என்று தேடினால், அகர வரிசையில் சிதறிக் கிடக்கும் நெற்பெயர்கள் ஒருங்கே திரள்கின்றன.

எனினும் அகராதியின் கூற்று முடிந்த முடிபு ஆகாது. லெக்சிகன் தமிழ்ச் சொற்கள் பலவற்றை வடசொல்லாகக் காட்டியதாகத் தேவநேயப் பாவாணர் கடுமையாகக் கண்டித்தார். ஆகவே, ஐயத்துக்குரிய சொல்லைப் பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியுடனும், இக்கால வழக்குக்குரியதை 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியுடனும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வதே தக்கது.