லாரி டயரில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் புது டயர் வாங்கும்போதே அதன் இரண்டாம் ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். சாலையில் தேய்வது பட்டன் எனப்படும் மேல்ரப்பர் மட்டும். அதற்கு அடியில் இருக்கும் உடம்பு, அதாவது கேசிங், பழுதில்லாமல் இருந்தால் பழைய பட்டனைச் சுரண்டிவிட்டுப் புது ரப்பர் ஒட்டி வேகவைக்கலாம். இதுதான் ரீட்ரேடிங். செலவு புது டயரைவிட மிகக் குறைவு. மலிவாக வாங்கிய டயரின் கேசிங் முதல் ஓட்டத்திலேயே வெடித்துவிட்டால், மிச்சம் பிடித்த காசு போன இடம் தெரியாது.

கேசிங்கைக் கெடுப்பது சூடு. நைலான் டயரில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடக்கும். சக்கரம் சுழலச் சுழல அந்த அடுக்குகள் உரசிச் சூடாகும். ரேடியலில் இழைகள் விளிம்புக்கு விளிம்பு நேராக ஓடும். பட்டனுக்குக் கீழே எஃகுப் பட்டைகள் இறுக்கிப் பிடித்திருக்கும். சூடு குறைவு, டீசலும் கொஞ்சம் மிச்சம். மிஷ்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு இது. நெடுஞ்சாலை லாரிக்கு விலை கூடினாலும் ரேடியல்தான் என்பேன். கல் குவாரிக்குள் போய்வரும் டிப்பருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கூர்க்கல் பக்கச்சுவரைத்தான் பதம்பார்க்கும், நைலானின் தடித்த சுவர் அதற்குத் தாக்குப்பிடிக்கும்.

எந்த டயரானாலும் காற்றுக் குறைந்தால் சூடு ஏறும். இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் இறங்கியிருப்பது எளிதில் கண்ணில் படாது. தாங்கும் சுமையைச் சொல்ல லாரி டயரில் 146/143 என்று இரண்டு எண்கள் இருக்கும்: தனியாக மாட்டினால் 3000 கிலோ, ஜோடியாக மாட்டினால் ஒவ்வொன்றும் 2725 கிலோ.

கார் டயரைப் பெரும்பாலும் யாரும் ரீட்ரேடிங் செய்வதில்லை. அதில் பார்க்க வேண்டியதெல்லாம் பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கிறது. 185/65 ஆர்15 88எச் என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரேடியல், 15 அங்குல ரிம். 88க்கு 560 கிலோ வரை சுமை, எச்சுக்கு மணிக்கு 210 கிலோமீட்டர் வரை வேகம். பக்கத்தில் 2324 என்று நான்கு இலக்கம் இருந்தால் 2024இன் 23ஆம் வாரத் தயாரிப்பு. கடைக்காரர் தாராளமாகத் தள்ளுபடி தந்தால் முதலில் இந்த எண்ணைத் தேடுங்கள். ஓடாமல் அலமாரியில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

பட்டன் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் தெரியும். ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மீதம் 1.6 மில்லிமீட்டர்தான்; மாற்றியாக வேண்டும். கையில் இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் புதியதைப் பின்னால் மாட்டுங்கள். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.