திரையில் தமிழ் தோன்றும் விதம்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலுள்ள எமது பாடசாலைக் கணனியில் லினக்ஸை மூலநிரலிலிருந்தே கட்டியெழுப்ப உங்களுட் சிலர் விழைகின்றீர்கள். அவ்வாறு கட்டியதும் கிடைப்பது கட்டளைகளை எழுதும் கருந்திரை மாத்திரமே. ஆங்கிலத்துக்கு அது போதும்; வரைகலை மேசைத்தளம் வெறும் அலங்காரம். தமிழுக்கோ அத்தளம் இன்றியமையாதது.

'கொக்குவில்' என எழுதிப் பாருங்கள். ஒருங்குறி முறையிற் ககரத்தின் பின்னரே ஒகரக்குறி சேமிக்கப்படுகின்றது. கொம்பை முன்னும் அரவைப் பின்னும் பிரித்து வைக்கக் கருந்திரை அறியாது, ஊர்ப்பெயர் சிதையும். அதனைச் செம்மையாகச் செய்வது 'ஹார்ஃபஸ்' என்னும் நிரல். அதனை உருவாக்கிய பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் ரொறன்ரோவிற் பயின்ற ஈரானியர், பெயரும் பாரசீகமே.

ஆகவே, 1984இல் எம்.ஐ.டி.யிற் பிறந்த எக்ஸ் சாளரமுறை, எழுத்துரு வரையும் ஃப்ரீடைப், ஹார்ஃபஸ், பாங்கோ, ஈற்றில் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம் என அடுக்கிச் செல்க. தமிழ் எழுத்துரு ஒன்றையும் சேர்க்க மறவாதீர். இன்றேல் வெறும் பெட்டிகளே தோன்றும்.