உஷார்! தடைக்காலத்துப் பெயிண்டைப் பார்த்துப் படகு வாங்காதீர்கள்

ஜூன் முதல் வாரத்தில் காசிமேட்டிலிருந்து ராமேஸ்வரம் வரை எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் பெயிண்ட் வாசனைதான் தூக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்க்கும் காலம். தரகர்களும் அப்போதுதான் நடமாடத் தொடங்குவார்கள். "பதினைஞ்சாந்தேதி காலைலயே தொழிலுக்குப் போயிரலாம்ணே. நேத்தே ஒரு பார்ட்டி வந்து பாத்துட்டுப் போயிருக்கு" என்பார்கள். அந்த 'ஒரு பார்ட்டி' பெரும்பாலும் இருக்கவே மாட்டார். ஆனாலும் அவருக்குப் பயந்து மறுநாளே அட்வான்ஸ் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பழைய படகு வாங்குவதில் தப்பில்லை. புதுசு கட்டும் செலவைப் பார்த்தால் பலருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் படகுக்கு விலை பேசாதீர்கள். கரையேற்றிக் காட்டச் சொல்லுங்கள். "ஏத்துற கூலி வீணாப் போகுமே" என்று இழுத்தால், கூலியை நீங்களே கொடுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடிப்பாகத்தில் ஏதோ இருக்கிறது.

மரப்படகு என்றால் கையில் ஒரு திருப்புளி போதும். அடிமரமான ஏராக்கட்டையும் பலகையும் சேரும் இடம், முன்பக்க அணியத்தின் அடி, ஆணி இறங்கிய இடங்களைச் சுற்றிக் கறுத்துப் போன பகுதி என்று அழுத்திக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் முனையைத் தடுக்கும். உளுத்த மரம் உள்ளே வாங்கிக்கொள்ளும். கடல்புழு துளைத்த பலகையை வெளியே பார்த்தால் குண்டூசி முனை அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே சல்லடையாக இருக்கும். பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து அடித்தது எப்போது, அடித்தவர் யார் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த ஆளையே தேடிப் பிடியுங்கள். உடைமைக்காரர் மறைப்பதை அவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார். படகின் அடித்தட்டில் புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தால் மட்டும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், நடையைக் கட்டுங்கள். ஒழுகும் இடத்தை அடைக்கத்தான் அது.

பைபர் படகைக் கட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். 'டண்' என்று கேட்கும் சத்தம் ஓரிடத்தில் 'பொத்' என்று விழுந்தால் அங்கே பைபர் அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. அவுட்போர்டு இன்ஜின் மாட்டும் பின்பலகை இன்னும் மோசம். உள்ளே பிளைவுட் வைத்து மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள்; போல்ட் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி மரம் கூழாகியிருக்கும். இன்ஜினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், பலகையும் சேர்ந்து அசைந்தால் தெரிந்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்காக அவசரத்தில் கட்டிக் கொடுத்த பைபர் படகுகளில் பல தரமற்றவை என்ற புகார் அப்போதே இருந்தது. அவற்றில் ஏதாவது இன்னும் கைமாறிக்கொண்டிருந்தால், பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் வயது இருபதைத் தாண்டிவிட்டது.

இரும்புப் படகுக்கு ஒரே பேச்சு. தகட்டின் கனத்தைக் கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அரித்த தகட்டின் மேல் இன்னொரு தகட்டைப் பற்றவைத்து மறைத்திருந்தால் விரலால் தடவினாலே மேடு தட்டுப்படும்.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்துவது புயல் படகுகள்தான். 2018 நவம்பரில் கஜா புயல் மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிப் போட்டது. 2022 டிசம்பரில் மாண்டஸ் காசிமேட்டில் படகுகளை மோதவிட்டு உடைத்தது. அப்படி உடைந்தும் மூழ்கியும் போனவை எல்லாம் விறகாகிவிடவில்லை. தூக்கி நிறுத்தி, ஒட்டுப்போட்டு, வேறு மாவட்டத்துக்கு விற்றுவிட்டால் அங்கே யாருக்கு அந்தக் கதை தெரியும்? மூழ்கி எடுத்த படகை ஒயரிங் காட்டிக்கொடுக்கும். இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும், பெட்டிகளின் மூலையில் உப்புப் பொடி ஒட்டியிருக்கும். பத்து வருஷப் படகில் ஒயர் மட்டும் அத்தனையும் புத்தம் புதுசாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஐஸ் பெட்டியின் உறையைத் தட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஊறியிருந்தால் ஐஸ் நிற்காது, மீனும் நிற்காது.

இன்ஜினுக்கு வருவோம். நீங்கள் போகும்போது அது ஏற்கெனவே சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் வயது தெரியும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரிலோ வேறெங்கோ கோளாறு. ஆயில் கம்பியை உருவிப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. துறைமுகத்துக்குள் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவது வெள்ளோட்டம் ஆகாது. வெளியே போய், முழு வேகத்தில், உங்கள் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். சாப்ட் அதிர்கிறதா, பின்னால் தண்ணீர் கசிகிறதா என்று அவர் பார்க்கட்டும். விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக் விற்பவருடைய ஆள்.

இன்ஜின் நன்றாக ஓடினால் மட்டும் போதாது. தமிழ்நாட்டு விதிப்படி விசைப்படகு 24 மீட்டர் நீளத்தையும் 240 குதிரைத்திறனையும் தாண்டக்கூடாது. அதிவேக இன்ஜினை மாட்டிவிட்டுப் பழைய இன்ஜின் நம்பரையே பதிவில் வைத்திருக்கும் படகு உங்கள் தலையில் விழுந்தால், அதிகாரிகள் பிடிக்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். இன்ஜின் மேல் பொறித்த எண்ணையும் பதிவுச் சான்றிதழில் இருக்கும் எண்ணையும் ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். படகின் நீள அகலத்தையும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். மூழ்கிப்போன படகின் பதிவெண்ணை வேறொரு படகில் எழுதி ஓட்டினால் அங்கே சிக்கிவிடும்.

மீன்வளத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்: பதிவும் உரிமமும் யார் பெயரில், வங்கிக் கடன் பாக்கி உண்டா, மானியத்தில் வாங்கிய படகா, விற்கத் தடை உண்டா, வழக்கு ஏதாவது இருக்கிறதா? அரசு கொடுத்த டிரான்ஸ்பாண்டரும் கருவிகளும் படகில் இருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள். டீசல் மானியம் பெயர் மாறிய பிறகுதான் உங்களுக்கு வரும்.

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, நாலு பேர் சாட்சி போட்டு, "பெயரை அப்புறம் மாத்திக்கலாம்" என்று படகை ஓட்டிப்போவது நம் கடற்கரையில் சகஜம். பாக் நீரிணையில் தொழில் செய்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டால், அதைத் திரும்பக் கேட்டு அந்த நாட்டு நீதிமன்றத்தில் ஆவணங்களோடு ஆஜராக வேண்டியவர் உரிமையாளர். ஆஜராகாத உரிமையாளரின் படகு நாட்டுடைமை ஆகிறது. அப்படிப் போன தமிழகப் படகுகளை 2022 பிப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை உள்ளிட்ட இடங்களில் ஏலமே விட்டார்கள். பணம் கட்டியது நீங்கள், சான்றிதழில் பெயர் இன்னொருவருக்கு என்றால், விற்று முடித்த அந்த மனிதர் உங்களுக்காக யாழ்ப்பாணம் போவாரா?

எந்த அலுவலகத்திலும் பதிவாகாத கடன் ஒன்றும் இருக்கிறது. படகுக்காரருக்கு ஏலக்காரரோ மீன் வியாபாரியோ முன்பணம் கொடுத்திருப்பார். பிடிக்கும் மீனை அவரிடமே போட வேண்டும் என்பது பேச்சு. நீங்கள் முதல் தடவை மீனோடு கரைக்கு வரும்போது, தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தப் போட்டு மேல எனக்கு பாக்கி இருக்கு தம்பி" என்பார். சட்டப்படி அவருக்கு உரிமை இல்லை என்று வாதாடலாம். ஆனால் நாளைக்கும் அதே துறைமுகத்தில்தான் நீங்கள் மீன் இறக்க வேண்டும். அதனால் விலை பேசும் முன்பே ஏலக்கூடத்திலும் விசைப்படகு சங்கத்திலும் விசாரியுங்கள். வெளியூர்ப் படகைத் தங்கள் துறைமுகத்தில் நிறுத்த அங்குள்ளவர்கள் சம்மதிப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். படகில் வேலை செய்த ஆட்கள் வாங்கிய அட்வான்ஸ் யார் கணக்கில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வலை, இழுவைப் பலகை, வின்ச், கம்பி, நங்கூரம் என்று விலையில் சேர்ந்த ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிச் சேருங்கள். 'சாமான் சகிதம்' என்று எழுதினால் வலை இராத்திரியோடு காணாமல் போயிருக்கும்.

அட்வான்ஸ் சிறிதாகக் கொடுங்கள், வங்கி வழியாகக் கொடுங்கள். பாதிக்கு மேற்பட்ட தொகை, உங்கள் பெயரில் மாறிய பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை உங்களிடமே இருக்கட்டும். அதற்குள் ஜூன் 15 போய்விடும் என்று தரகர் கத்தினால், கத்தட்டும்.