கல்லூரியில் பொருளாதாரம் பயிலும் பிள்ளையும் வீட்டுச் சாகுபடிக் கணக்கும்

ஓரளவு நிலமுள்ள குடும்பங்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளிற் பலர், பொருளாதாரத்தையோ, பொருளாதாரத்துடன் நிதியியலையும் சேர்த்தோ இளங்கலைப் பாடமாக எடுத்து வருகின்றனர். விதை, உரம் பற்றிப் பேச நான் கிராமங்களுக்குச் செல்லும்போது, இவர்களுடைய தகப்பனார்கள் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, இந்தப் படிப்பால் நிலத்துக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?" என்று கேட்பதுண்டு. இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. அப்படிப்பு தானாக நிலத்துக்கு வந்து சேராது. வீட்டார் தங்கள் வரவு செலவைப் பிள்ளையின் முன் திறந்து வைத்தால் வந்து சேரும். இதனை விவரித்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்றாண்டுப் படிப்பில் அவர்கள் கற்பவை, விலை எவ்வாறு ஏற்படுகிறது, கூலியும் வட்டியும் எவ்வாறு நிர்ணயமாகின்றன, சர்க்கார் எவ்வாறு வரி தண்டிச் செலவிடுகிறது, வங்கி எவ்வாறு நடக்கிறது, புள்ளி விவரங்களை எவ்வாறு பகுத்தறிவது முதலியனவாம். நிதியியல் சேர்ந்திருப்பின், பல ஆண்டுகளிற் பரவி வரும் வரவையும் செலவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் முறையும், நஷ்டம் நேரக்கூடிய அளவை மதிப்பிடும் முறையும் கற்பிக்கப்படுகின்றன. இவற்றிற்குக் கணிதம் இன்றியமையாதது. மேனிலைப் பள்ளியில் கணிதத்தைக் கைவிட்ட பிள்ளை இப்பாடத்தில் முதலாண்டிலேயே திணறுதல் இயல்பு. சேர்க்குமுன் இதனைக் கவனித்தல் நலம்.

நிலத்தில் பிறந்த சாஸ்திரம்

பொருளாதாரம் நிலத்துக்கு அந்நியமான படிப்பு என்று கருதுவோர், அது முதன்முதல் எவருக்குக் கற்பிக்கப்பட்டது என்பதை அறிந்தால் வியப்படைவர். இங்கிலாந்தில் இச்சாஸ்திரத்திற்கென ஆசிரியர் பதவி முதலில் ஏற்பட்டது, கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியாவுக்கு அனுப்பவிருந்த தங்கள் உத்தியோகஸ்தர்களைப் பயிற்றுவதற்கென நடத்திய கல்லூரியிலாகும். ஜனத்தொகைப் பெருக்கத்தைப் பற்றி 1798-ல் நூல் எழுதிப் புகழ்பெற்ற மால்தஸ் என்பவர் 1805-ல் அப்பதவியில் நியமிக்கப்பெற்று, 1834-ல் இறக்கும் வரை அங்கே கற்பித்தார். கல்லூரி பின்னர் ஹெய்லிபரி என்னும் இடத்தில் நிலைத்தது. அங்குப் பயின்றோர் இன்றைய நம் கல்லூரி மாணவர் வயதுள்ள பிள்ளைகளே. அப்பிள்ளைகளிற் சிலரே பின்னர்ச் சென்னை மாகாணத்துக்குக் கலெக்டர்களாக வந்து, நம் முன்னோர்களின் நிலத்துக்குத் தீர்வை விதித்தனர்.

அக்காலத்தில் 1817-ல் வெளியான ரிக்கார்டோவின் நூல், நல்ல நிலத்தின் விளைவுக்கும், சாகுபடியிலுள்ள நிலங்களிற் கடைத்தரமானதன் விளைவுக்கும் உள்ள வித்தியாசமே நிலவாரம் என்று கூறியது. இதனை மாணாக்கர் இன்றும் படிக்கின்றனர். கிராமப் பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே மண் வகையும் தரமும் எழுதப்பட்டிருப்பதைக் கிராம அதிகாரிகள் அறிவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலங்களைத் தரம் பிரித்து, சாகுபடிச் செலவு போக நிகர விளைவைக் கணித்து, அதில் பாதிக்கு மேற்படாமல் தீர்வை விதிப்பது சென்னை மாகாணத்து முறையாக இருந்தது. ஆகவே பிள்ளை புஸ்தகத்தில் படிக்கும் 'நிலவாரம்' என்னும் பாடத்துக்கு உதாரணம் வேண்டுமானால், அவன் தன் ஊர்ப் பதிவேட்டைப் பார்த்தாற் போதும்.

சென்னைச் சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக 1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் வந்தார். இவர் அதற்கு முன் ஆக்ஸ்போர்டில், தொழிலாளர் பயிலும் ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்தவர். இவர் செய்த ஒரு காரியம் நம் கவனத்துக்குரியது. தம் மாணவர்களிடம் நீண்டதொரு வினாப்பட்டியலைக் கொடுத்து, தத்தம் ஊருக்கோ நன்கறிந்த ஊருக்கோ சென்று, நிலம், கூலி, கடன், மாடு, கிணறு முதலிய விவரங்களைச் சேகரித்து வரும்படி அனுப்பினார். தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு, வடஆர்க்காட்டில் தூசி, தஞ்சாவூரில் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்தில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் இவ்வாறு ஆராயப்பட்டவற்றுள் முக்கியமானவை. இவ்விவரங்கள் 1918-ல் நூலாக வெளிவந்தன. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் என்னும் இருவர் 1936-37-ல் அவ்வூர்களை மீண்டும் ஆராயச் செய்து 1940-ல் நூல் வெளியிட்டனர். அதன் பின்னரும் 1961-லும் 1980-களிலும் அங்கே ஆராய்ச்சி நடந்தது. இருவேல்பட்டில் 2008-லும் நடந்தது. கல்லூரிப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய பட்டியல்களை அறிஞர்கள் 90 ஆண்டுகளுக்குப் பின்னும் எடுத்துவைத்து ஒப்பிட்டனர் என்றால், அவற்றின் மதிப்பை நாம் உணரலாம்.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளை தன் ஊரை ஆராயும்போது, தன் வீட்டுத் திண்ணையிலிருந்து தெரியும் ஊரையே காண்பான். கூலிக்காரர் தெருவிலிருந்து பார்த்தால் அதே ஊர் வேறாகத் தோன்றும். நடவுக்கூலி உயர்ந்துவிட்டது என்று தகப்பனார் சொல்வதை எழுதிக்கொள்பவன், அக்கூலி ஆண்டில் எத்தனை நாள் கிடைக்கிறது என்பதை நடவாளிடமே கேட்டு எழுத வேண்டும். இதற்குத் தகப்பனார் தடை சொல்லலாகாது.

நிதியியல் பயின்று கிராமத்துக்கு வந்தவர்களுள் ஜே. சி. குமரப்பாவை மறத்தலாகாது. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, பம்பாயில் கணக்குத் தணிக்கையாளராக இருந்த இவர், அமெரிக்கா சென்று 36-ஆம் வயதில், அதாவது 1928-ல், சைரக்யூஸ் சர்வகலாசாலையில் வணிக நிர்வாகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர்க் கொலம்பியா சர்வகலாசாலையில் பொது நிதி பயின்றார். தாயகம் திரும்பியதும், காந்தியடிகளின் விருப்பப்படி, குஜராத் வித்யாபீட மாணவர்களைத் துணைக்கொண்டு கேடா ஜில்லாவின் மாதர் தாலுகாவில் குடியானவர்களின் வரவு செலவை ஆராய்ந்தார். கம்பெனிக் கணக்குகளைப் புரட்டிய கையே குடியானவன் கணக்கையும் புரட்டிற்று.

ஒரு குடும்பத்தின் கணக்கு

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் நான்கு ஏக்கர் நன்செய். மகன் இரண்டாம் ஆண்டு பொருளாதாரம். ஒரு விவசாயக் குடும்பத்தின் சாகுபடிச் செலவை எழுதிவருமாறு ஆசிரியர் பணித்ததனால், அவன் தன் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொண்டான். நெல்லில் ஏக்கருக்கு 17,000 ரூபாய் மிஞ்சுகிறது என்பது தகப்பனாரின் கணிப்பு. நெல்லும் வைக்கோலும் சேர்ந்து வரவு 47,000 ரூபாய். உழவு, நடவு, உரம், மருந்து, அறுவடை ஆகியவற்றிற்குக் கையிலிருந்து கொடுத்ததும், வீட்டு விதை, எரு இவற்றின் மதிப்பும் சேர்ந்து செலவு 30,000 ரூபாய். அந்த அளவில் தகப்பனார் கணிப்புச் சரியே.

ஆனால் பையன் மேலும் இரண்டு வரிகள் எழுதினான். தாயும் தகப்பனும் வயலில் உழைத்தது ஏக்கருக்கு 25 நாள். நாளொன்றுக்கு 400 ரூபாய் வீதம் 10,000 ரூபாய். சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் கிடைக்கக்கூடியதும், சொந்த முதலுக்கான வட்டியுமாக 13,000 ரூபாய். முதல் வரியைக் கூட்டினால் செலவு 40,000, மிச்சம் 7,000. இரண்டாவதையும் கூட்டினால் செலவு 53,000; 6,000 ரூபாய் நஷ்டம்.

இம்மூன்று கணக்குகளும் பையன் கற்பித்தவை அல்ல. 1965-ல் ஏற்பட்ட விவசாய விலை ஆணையம், இன்று விவசாயச் செலவு மற்றும் விலைகள் ஆணையம் என்னும் பெயரில், ஏ2, ஏ2+எஃப்எல், சி2 என்று குறிப்பிடுபவை இவையே. செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை வேண்டுமென்று சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-ல் கூறியதும், 2018-19 வரவு செலவுத் திட்டத்தில் ஒன்றரை மடங்கு விலை என்று அறிவிக்கப்பட்டதும் பத்திரிகை படிப்போர் அறிந்தவை. அறிவிப்பு ஏ2+எஃப்எல் கணக்கை ஆதாரமாகக் கொண்டது. விவசாய சங்கங்கள் சி2 கணக்கைக் கேட்கின்றன. ஒரே வயலுக்கு 40,000-மா 53,000-மா என்பதிலேயே அந்த வழக்கு அடங்கியிருக்கிறது.

கணக்கைக் கேட்ட தகப்பனார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடச் சொல்கிறாயா, தம்பி?" என்றார். பையனுக்குச் சட்டென்று விடை வரவில்லை. அவன் ஆசிரியரிடம் சென்று கேட்டு வந்த விடையே இங்கு முக்கியமானது. உழைப்புக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் என்று எழுதினோம். வயலை விட்டு விலகினால், அறுபது வயதானவருக்கு அக்கூலியில் அத்தனை நாள் வேலை ஊரில் கிடைக்குமா? கிடைக்காதெனில் அவ்வுழைப்பின் மாற்று மதிப்பு 400 அன்று. 150-ஆக இருக்கலாம், சில மாதங்களில் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். குத்தகையும் அவ்வாறே, கேட்பவர் உண்டா, கொடுக்கும் தவணை நிச்சயமா என்று விசாரிக்க வேண்டும். புஸ்தகத்தில் உள்ள விதி சரியே. அதில் இடும் தொகையை ஊரில் விசாரித்தே இட வேண்டும். அவ்வாறு விசாரித்துத் திருத்தியதில் நஷ்டம் மறைந்தது. ஆனால் 17,000 மிச்சம் என்ற எண்ணமும் மறைந்தது.

நிலத்தை அவர்கள் விடவில்லை. மிச்சம் சொற்பம் என்பது தெரிந்தபின், உரத்தைக் கடையில் கடன் வைத்து அறுவடையில் தீர்க்கும் பழக்கத்தை விட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்றனர். கடைக்காரர் வட்டி என்று ஒன்றும் எழுதுவதில்லை. மூட்டை விலையிலேயே அது ஏறியிருந்தது என்பதைப் பையன் ரொக்க விலையோடு ஒப்பிட்டுக் காட்டினான்.

வட்டி மாறினால் மரத்தின் விலையும் மாறும்

நிதியியற் பாடத்தில் குடியானவருக்கு மிகவும் உபயோகமானது, எதிர்காலத் தொகையின் இன்றைய மதிப்பைக் காணும் முறை. நெட்டை ரகத் தென்னை நன்கு காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆறாண்டு கழித்து ஒரு தோப்பிலிருந்து 1 லட்சம் ரூபாய் வருமெனக் கொள்வோம். ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் பணம் பெறக்கூடியவருக்கு அத்தொகையின் இன்றைய மதிப்பு சுமார் 66,600 ரூபாய். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதத்தில் பெறுபவருக்குச் சுமார் 50,700 ரூபாய். இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்குபவருக்கு 27,500 ரூபாய்தான். ஆண்டுக்கொருமுறை வட்டியை முதலோடு சேர்த்துச் செய்த கணக்கு இது. மரமும் மண்ணும் மழையும் ஒன்றே. கடன் கொடுத்தவர் மட்டும் வேறு. சிறு குடியானவர் தென்னை வைக்கத் தயங்குவதை அறியாமை என்று என் போன்ற உத்தியோகஸ்தர்கள் சொல்லிவிடுகிறோம். அவர் கொடுக்கும் வட்டியில் அது அறியாமையன்று, சரியான கணக்கே.

இதே முறையைப் பிள்ளையின் படிப்புக்கும் பிரயோகிக்கலாம். பட்டம் பெற்ற மறுநாள் வங்கியில் நாற்காலி காத்திருக்கும் என்று எண்ணி நிலத்தை ஈடு வைப்பவர்களைக் காண்கிறேன். வங்கி வேலைக்கும் சர்க்கார் வேலைக்கும் தனிப் பரீட்சைகள் உண்டு. பட்டம் அவற்றை எழுதும் தகுதியையே தரும். பணம் அவசியமாயின், கந்துவட்டிக்குப் போகுமுன் வங்கியின் கல்விக் கடனை விசாரிக்கலாம். வங்கிகள் பின்பற்றும் பொதுத் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை; படிப்புக் காலத்தில் தவணை கட்ட வேண்டியதுமில்லை. ஆனால் அக்காலத்துக்கும் வட்டி உண்டு என்பதைப் பலர் கையெழுத்திடும்போது கவனிப்பதில்லை. கடன் பத்திரத்தைப் பிள்ளையே படித்துத் தகப்பனாருக்கு விளக்கட்டும். அதைவிடச் சிறந்த முதற்பாடம் வேறில்லை. பிள்ளை என்று நான் எழுதுவதில் மகளும் அடங்குவாள். பால் கணக்கும் கூலிக் கணக்கும் பல வீடுகளில் ஏற்கெனவே அவள் கையில்தான் இருக்கின்றன.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. கல்லூரி ஆசிரியரின் கடிதத்தோடு மாணவர் வந்தால், விதிகள் அனுமதிக்கும் அளவில், அடங்கலையும் பயிர்ப் பரப்பு விவரங்களையும் பார்க்க இடமளித்தல் வேண்டும். தனிநபர் பெயர்களைக் குறித்துக்கொள்ள அவசியமில்லை. சர்வே எண்ணும் பரப்பும் பயிரும் பாசன வகையும் போதும். ஒரு விஷயத்தை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுக: கல்லூரியில் அவர்கள் பழகுவது ஏப்ரல் முதல் மார்ச்சு வரையுள்ள நிதியாண்டு, கிராமக் கணக்கோ ஜூலை முதல் ஜூன் வரையுள்ள பசலி. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையுள்ளது 1434-ஆம் பசலியாகும். இதனைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதினால், ஓராண்டுக் குறுவை மறு ஆண்டுச் சம்பாவோடு சேர்ந்துவிடும்.