பேத்தி பேரில் போட்ட பணம்

நம் சங்க மலரில் வழக்கமாகக் கல்வெட்டு, பழைய நூல் என்று ஏதாவது எழுதுவேன். இந்த முறை வரியைப் பற்றி எழுதுகிறேன். நாற்பது வருஷமாக மட்டாஞ்சேரியில் பருப்பு மண்டி வைத்து, பேரேடும் ஐந்தொகையும் பார்த்துப் பழகிய எனக்கே தெரியாமல் போன விஷயம் இது. இடப்பள்ளி, காக்கநாடு பக்கம் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் உதவும்.

என் மகன் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது 2018-இல் பேத்தி அங்கே பிறந்தாள். மறு வருஷமே மகன், கிரீன் கார்டு எதுவும் வாங்காமல், குடும்பத்தோடு கொச்சிக்குத் திரும்பிவிட்டான். பேத்திக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட். இங்கே தங்க ஓசிஐ அட்டை. தாத்தா ஆசையில் அவள் பேரில் 12 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போடப் போனேன். வங்கியில் ஒரு படிவம் நீட்டினார்கள். பிறந்த நாடு எது, குடியுரிமை எது, அந்த நாட்டு வரி எண் என்ன? "இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வரி எண்ணா?" என்று சிரித்துக்கொண்டே மகன் கொடுத்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து விவரம் படித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

முதலில் ஒரு தெளிவு. ஓசிஐ அட்டையை நம்மவர்கள் 'இரட்டைக் குடியுரிமை' என்கிறோம். அது தவறு. நம் நாட்டுச் சட்டம் பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை; ஓசிஐ என்பது வாழ்நாள் விசா மாதிரி. வெளிநாட்டில் பிறந்து இந்தியக் குடியுரிமையும் பெற்ற பிள்ளை, 18 வயது நிறைந்து ஆறு மாதத்துக்குள் மற்றதைக் கைவிடாவிட்டால் நம் குடியுரிமை போய்விடும்.

வரிக்கு வருவோம். இந்தியா உட்பட அநேகமாக எல்லா நாடுகளும் ஆள் எங்கே குடியிருக்கிறார், வருமானம் எங்கே வருகிறது என்று பார்த்தே வரி கேட்கின்றன. கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட் உள்ள பிள்ளை இடப்பள்ளியில் வளர்ந்தால், பாஸ்போர்ட்டுக்காக மட்டும் அந்த நாடுகள் வரி கேட்பதில்லை. அமெரிக்காவும் எரித்ரியாவும்தான் விலக்கு. குடிமக்கள் எங்கே இருந்தாலும் அமெரிக்கா கணக்குக் கேட்கும். மெக்சிகோவில் குடியிருந்த ஓர் அமெரிக்கர் தொடுத்த வழக்கில், இது செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1924-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. வங்கி நீட்டிய படிவத்துக்குக் காரணம் ஃபாட்கா என்னும் 2010-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம். அதற்காக இந்தியாவும் அமெரிக்காவும் 2015 ஜூலையில் ஒப்பந்தம் செய்துகொண்டன.

இப்போது என் 12 லட்சத்துக்கு வருவோம். 7 சதவீதம் என்று வைத்தால் வருஷ வட்டி 84,000 ரூபாய். இது யார் வருமானம்? நம் சட்டப்படி, 18 வயது நிறையாத பிள்ளையின் வட்டி வருமானம் தாய் தந்தையரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில் சேரும். ஆக, பணம் தாத்தாவுடையது, வரி அப்பாவுக்கு! அமெரிக்கச் சட்டமோ அதைப் பிள்ளையின் சொந்த வருமானமாக எடுத்துக்கொள்கிறது. 2025-ஆம் வருஷத்துக்கு, பெற்றோரைச் சார்ந்த பிள்ளைக்கு வட்டி மாதிரியான வருமானம் மட்டும் இருந்தால், அது 1,350 டாலரைத் தாண்டினால்தான் வரி அறிக்கை. 84,000 ரூபாய் ஆயிரம் டாலர்கூட வராது. "அப்பாடா, வரி இல்லை" என்று நினைத்தேன்.

அங்கேதான் இடறல். வரி வேறு, தகவல் சொல்லும் கடமை வேறு. அமெரிக்கக் குடிமக்களின் வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில், வருஷத்தில் எந்த ஒரு நாளிலாவது மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால், எஃப்பார் என்ற அறிக்கையை இணையத்தில் தாக்கல் செய்யணும். கட்டணம் கிடையாது. பிள்ளைக்கும் இது உண்டு, பெற்றோர் கையெழுத்திடலாம். வட்டிக்கு வரம்பு தாண்டவில்லை, அசலுக்குத் தாண்டிவிட்டது.

அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனாகி, 1990-இல் தாய்நாடு திரும்பிய பிட்னர் என்ற வணிகர் ஐந்து வருஷம் இந்த அறிக்கையைக் காலத்தில் தரவில்லை. 272 கணக்குகளுக்குமாக 27.2 லட்சம் டாலர் அபராதம் கேட்டார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அபராதம் கணக்குக்கு ஒன்று என்று வராது, அறிக்கைக்கு ஒன்றுதான் என்று சொல்லி 50,000 டாலராகக் குறைத்தது. குறைத்த தொகையே இவ்வளவு!

நான் செய்தது இது. விட்டுப்போன எஃப்பாரை, காரணம் எழுதி மகன் தாக்கல் செய்தான். தெரியாமல் தவறியவர்கள் தாமதமாகத் தாக்கல் செய்ய அவர்களே வழி வைத்திருக்கிறார்கள். இனி பேத்திக்கென்று சேர்ப்பதை என் பேரிலேயே போட்டு, உயிலில் அவள் பேரை எழுதுவதாக முடிவு. அவள் பேரில் மியூச்சுவல் ஃபண்டு வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஃபண்டுகளை அமெரிக்கா தனி ரகமாக வைத்துக் கடுமையாக வரி போடுகிறது. தொகை பெரிதானால், இரு நாட்டுச் சட்டமும் அறிந்த ஆடிட்டரைப் பாருங்கள்.

பேரப்பிள்ளைக்குக் கொடுப்பது நம் வழக்கம், அதை விட வேண்டாம். கொடுக்கும் முன் அந்தப் பிள்ளையின் பாஸ்போர்ட்டை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுங்கள்.