ஊசி குத்திய ஐந்தாம் நாள்

சென்ற வாரம் ஒரு பெண் வந்தார். மருத்துவமனை வார்டில் துப்புரவு வேலை பார்ப்பவர். குப்பைப் பையைக் கட்டும்போது, உள்ளே யாரோ போட்டிருந்த ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. "அன்னிக்கே டிடி போட்டுக்கிட்டேன் டாக்டர், போதும்ல?" என்றார். குத்தி ஐந்து நாள் ஆகியிருந்தது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி ஒன்றுகூட அவர் போட்டதில்லை. நர்ஸ்களும் பயிற்சி மருத்துவர்களும்கூட இப்படித் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

பிதுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள்

குத்தியதும் விரலைப் பிதுக்குகிறார்கள், வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள், ஸ்பிரிட்டையும் பிளீச்சிங் கரைசலையும் ஊற்றுகிறார்கள். இதனால் கிருமி வெளியேறாது, புண்தான் பெரிதாகும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். டிடி ஊசி ரணஜன்னிக்கானது, எச்.ஐ.வி.யையோ ஹெபடைட்டிஸையோ தடுக்காது. மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிட்டு வருபவர்களிடம் எத்தனை முறை சொல்வது? அது வைரஸை ஒன்றும் செய்யாது! தோழி கொடுத்த எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு நாள் போட்டு, குமட்டுகிறது என்று நிறுத்தியவரும் உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லி, 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.

"நோயாளி பார்க்க நல்லா இருக்காரே" என்பது இன்னொரு சமாதானம். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர் பல வருடம் எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடுவார். எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் நடுங்குகிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி ஆயிரம் பேரைக் குத்தினால் ஏறக்குறைய மூவருக்குத் தொற்றும். ஹெபடைட்டிஸ் சி என்றால் நூறில் இருவருக்கும் குறைவு. ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாத நூறு பேரில் முப்பது பேர்வரை மாட்டிக்கொள்ளலாம். தடுப்பூசி இருப்பது அதற்குத்தான். அதையே போடாமல் விடுகிறோம்.

பரிசோதனை

குத்திய அன்றே ஒருமுறை இந்தத் தொற்றுகளுக்கு ரத்தப் பரிசோதனை, பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில்.

கெஞ்சிக் கேட்கிறேன்

போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். நேராக ஊசிக்கென்று வைத்திருக்கும் வெள்ளை டப்பாவில் போடுங்கள், குப்பைப் பையில் வேண்டவே வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். மருத்துவக் கழிவைக் கையாளும் அத்தனை பேருக்கும் இதைப் போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளியும் அதில் அடக்கம். மேற்பார்வையாளர்களே, குத்திவிட்டது என்று வருபவரைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் மறைக்கிறார்கள்.

நடுராத்திரி டூட்டியில் குத்தினாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கேஷுவாலிட்டிக்கு வந்துவிடுங்கள்.